அபார்ட்மெண்ட் ஸ்டில்ட்ல இவி சார்ஜிங்: காமன் மீட்டர்ல எடுக்கறதா, வீட்டு மீட்டர்லேர்ந்து லைன் இழுக்கறதா?

மடிப்பாக்கம்வாசி:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கங்க. எங்க அபார்ட்மெண்ட் மடிப்பாக்கத்துல, 24 வீடு, ஸ்டில்ட் (கீழ தூண் மட்டும் இருக்கற பார்க்கிங் தளம்) பிளஸ் 3 மாடி, லிஃப்ட் உண்டு, கட்டி பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. முன்னாடி ஒரே ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்தான் இருந்துச்சு, அவரு மோட்டார் சுவிட்ச் பக்கத்துல இருக்கற 15 ஆம்ப்ஸ் பிளக்குல சொருகி சார்ஜ் போட்டுக்குவாரு, யாரும் ஒண்ணும் சொல்லல. இப்ப அஞ்சு ஸ்கூட்டர் ஆயிடுச்சு, அதுல ஒண்ணு என்னோடது, கூட எங்க அப்பாவுக்கு வாங்கின எலக்ட்ரிக் சைக்கிள் வேற. எல்லாம் அந்த ஒத்த பிளக்குக்குப் போட்டி. ராத்திரி கீழ போனா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகி தரையில ஒயர் ஓடிட்டிருக்கு, தண்ணி மோட்டார் போட வர்ற வாட்ச்மேன் எது யாரோடதுன்னு தெரியாம ஒண்ண புடுங்கி விட்டுடறாரு, காலையில ஆபீஸ் கிளம்பறப்ப வண்டி 30 சதவீதத்துல நிக்குது.

இதுக்கு நடுவுல லிஃப்ட், மோட்டார், பொது லைட்டுக்கு வர்ற காமன் இபி பில் ஏறிடுச்சுன்னு போன மீட்டிங்ல பெரிய சண்டை. பெட்ரோல் வண்டி வச்சிருக்கறவங்க "உங்க வண்டிக்கு நாங்க ஏன் மெயின்டெனன்ஸ் கட்டணும்"னு கேக்கறாங்க, அது நியாயம்தான், நான் இல்லங்கல. ஆனா செகரட்டரி அதுக்குப் பதிலா ஒரேயடியா "ஒண்ணாம் தேதிலேர்ந்து கீழ யாரும் சார்ஜ் போடக்கூடாது"ன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாரு.

இப்ப மூணு யோசனை ஓடுது. ஒண்ணு, வண்டிக்கு மாசம் 300 ரூபாய்னு காமன் கணக்குல கட்டிடறது. ரெண்டு, க்யூஆர் ஸ்கேன் பண்ணி காசு கட்டற மாதிரி ஒரு கம்பெனி சின்ன பாக்ஸ் மாட்டித் தர்றேங்குது, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு அவங்க ஆப்லேயே கழிச்சுக்குவாங்க. மூணு, அவங்கவங்க வீட்டு மீட்டர்லேர்ந்து பார்க்கிங்குக்கு தனி லைன். எனக்கு மூணாவதுதான் சரின்னு படுது, ஆனா என் பார்க்கிங் கடைசி மூலையில, மீட்டர் போர்டுலேர்ந்து 25 மீட்டர் இருக்கும். ஒயர் அவ்ளோ தூரம் போனா பிரச்சனையா? அசோசியேஷன் தடுக்க முடியுமா? வாடகைக்கு இருக்கறவங்க என்ன பண்றது? அப்புறம் ரெண்டாவது மாடில ஒரு அம்மா "தூங்கும்போது பத்திக்கிச்சுன்னா என்ன பண்றது"ன்னு கேக்கறாங்க, அவங்களுக்கு நேர்மையா என்ன பதில் சொல்றதுன்னும் தெரியல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

வயர்மேன்_தாம்பரம்:

சார் மூணாவதுதான். யோசிக்கவே வேணாம். நம்ம ஊர் அபார்ட்மெண்ட்ல ஒரு நல்ல விஷயம், எல்லா வீட்டு மீட்டரும் கீழ ஒரே இடத்துல வரிசையா இருக்கும், ஒவ்வொரு மீட்டருக்குக் கீழயும் அந்த வீட்டு மெயின் சுவிட்ச் இருக்கும். அந்த மெயின் சுவிட்சுக்கு அப்புறம் உங்க வீட்டுக்கு மேல போற லைன்லேர்ந்து ஒரு கிளை எடுத்து தனி எம்சிபி (லோடு அதிகமானா தானா விழற சுவிட்ச்) பாக்ஸ் போட்டு பார்க்கிங்குக்கு இழுத்துடலாம். மூணாவது மாடிலேர்ந்து ஒயர் தொங்க விடற வேலையே இல்ல. மீட்டருக்கு முன்னாடி பக்கம் மட்டும் எவனும் கை வைக்கக்கூடாது, சீலு இபிகாரங்களோடது, அதை உடைச்சா வேற கேசு ஆயிடும்.

25 மீட்டர் ஒரு தூரமே இல்ல. ஸ்கூட்டர் சார்ஜர் இழுக்கறது முக்காவாசி ஒரு கிலோவாட்டுக்கு உள்ளதான், அதாவது 4 ஆம்ப்ஸ் சொச்சம், அதுக்கு 2.5 ஸ்கொயர் (ஒயரோட தடிமன், சதுர மில்லிமீட்டர்ல) காப்பர் ஒயரே தாராளம். ஆனா நான் எல்லாருக்கும் 4 ஸ்கொயர்தான் போடச் சொல்வேன், ஏன்னா நாளைக்கே நீங்க கார் வாங்கினா 16 ஆம்ப்ஸ் பிளக்குல 3.3 கிலோவாட் ராத்திரி பூரா விடாம இழுக்கும், அப்ப மறுபடி பைப்பை உடைச்சு ஒயர் மாத்தறது ரெட்டை செலவு. காருக்கு 7.2 கிலோவாட் சுவர் பாக்ஸ் வேணும்னா அது 32 ஆம்ப்ஸ், அது வேற கதை, அதுக்கு 6 ஸ்கொயரும் உங்க லோடும் எல்லாம் பாக்கணும்.

ஒயரை விட முக்கியம் எர்த்து. பதினஞ்சு வருஷ பில்டிங்னா எர்த் குழி காஞ்சு போயிருக்கும், கட்டினப்ப தண்ணி ஊத்தினதுதான், அதுக்கப்புறம் அதை யாரு திரும்பிப் பாத்தா. மல்டிமீட்டர் வச்சு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் பாக்கச் சொல்லுங்க, ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருந்தா ஓகே, பத்து பதினஞ்சுன்னு காட்டினா முதல்ல அதை சரி பண்ணிட்டு அப்புறம் பிளக் போடுங்க. சில வண்டி சார்ஜர் எர்த் சரியில்லன்னா சிவப்பு லைட் போட்டு நின்னுடும், "சார்ஜர் போயிடுச்சு"ன்னு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க, அங்க போட்டா நல்லா ஏறும். சார்ஜர் நல்லாத்தான் இருக்கும், வீட்டு எர்த்து செத்திருக்கும்.

எம்சிபி கூட 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரெண்டு கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) கண்டிப்பா, ஏ டைப்பா கேட்டு வாங்குங்க. ஸ்டில்ட்ல குழந்தைங்க விளையாடும், வண்டி கழுவி தரை ஈரமா இருக்கும், இதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. பிளக்கு வீட்டுக்குள்ள போடற பிளாஸ்டிக் மாடுலர் வேணாம், மணிக்கணக்கா லோடு ஓடினா உள்ள ஸ்ப்ரிங் லூஸாகி உருகும், எத்தனையோ வீட்டுல கருகினதைக் கழட்டியிருக்கேன். மெட்டல் கிளாட் (உலோக உறை போட்டது) இல்லேன்னா இண்டஸ்ட்ரியல் சாக்கெட், பூட்டு போடற பாக்ஸோட. உயரம் நாலடிக்கு மேல வைங்க. மடிப்பாக்கம்னு சொல்றீங்க, 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாமும் பாத்த ஏரியா, தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு சுவத்துல கறை இருக்கும், அதுக்கு மேல ஒரு முழம் விட்டு வைங்க. மழை எச்சரிக்கை வந்தா எம்சிபிய எறக்கிட்டு வண்டிய மேட்டுல கொண்டுபோய் விடறதுதான் புத்தி, வண்டி பேட்டரி தண்ணி புகாததுன்னு எழுதியிருந்தாலும் வெளிய இருக்கற சார்ஜர் அப்படி இல்ல.

ஜெனரேட்டர்ல ஓடற காமன் லைன்ல மட்டும் எடுத்துடாதீங்க சார், கரெண்டு போய் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகறப்ப வோல்டேஜ் ஆடும், டீசலும் உங்க வண்டிக்குப் போகும், அதுக்கு ஒரு சண்டை தனியா வரும்.

---

கோவை_செகரட்டரி:

வயர்மேன் அண்ணன் ஒயர் விசயத்தைச் சொல்லிட்டாருங்க, நான் காசு விசயத்தைச் சொல்றேன். நாங்க சரவணம்பட்டிப் பக்கம், இதே பஞ்சாயத்தை முடிச்சுட்டு வந்தவங்க, அதனால சொல்றேன்.

மாசம் 300ங்கறது கேக்க நல்லாருக்கும், ரெண்டு மாசத்துல நாறிடும்ங்க. கணக்கு பாருங்க, ஆபீஸ் போயிட்டு வர்றவரு நாளைக்கு 25 கிலோமீட்டர் ஓட்டினா சார்ஜர் வீணடிக்கிறதையும் சேத்து கிட்டத்தட்ட ஒரு யூனிட் ஆகும், மாசம் 30 யூனிட். காமன் மீட்டர் ரேட் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல, அப்ப 250 ரூபாய்ப் பக்கம் வருது, 300 சரின்னு தோணும். ஆனா அதே பில்டிங்ல ஒரு பையன் டெலிவரிக்குப் போறவன் இருந்தா அவன் நாளைக்கு நாலு யூனிட் எடுப்பான், இன்னொரு அம்மா கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் எடுக்கறவங்க மாசம் பூரா அஞ்சு யூனிட்கூட எடுக்க மாட்டாங்க. மூணு பேருக்கும் 300னா யாருக்கும் திருப்தி இருக்காது. 2023ல சின்ன அபார்ட்மெண்டுக்கு காமன் ரேட்டை 5.50க்கு குறைச்சாங்க, ஆனா அது 10 வீட்டுக்குள்ள, 3 மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்குத்தான், உங்க 24 வீட்டுக்கு அது கிடையாதுங்க.

வீட்டு மீட்டர்ல எடுத்தா ரேட் கம்மி, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அதையும் பாத்துக்கோங்க. நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் ஃப்ரீ, 500 யூனிட் வரைக்கும் ஒரு ரேட் அட்டவணை, 500ஐத் தாண்டினா வேற அட்டவணை. தாண்டினா 500க்கு மேல போன யூனிட்டுக்கு மட்டும் 8 ரூபாய் சொச்சம்னு நெனச்சுக்கறாங்க, அப்படி இல்லைங்க, 101லேர்ந்து 200 வரைக்கும் இருந்த ரெண்டே கால் ரூபாய்ப் பக்கத்து ரேட்டும் போயிடும், அது ரெட்டிப்பாயிடும். அதனால ஏற்கனவே 480 யூனிட் ஓடற வீட்டுல ஸ்கூட்டர் வந்து 540 ஆச்சுன்னா அந்த 60 யூனிட்டுக்கு பில் கிட்டத்தட்ட 700 ரூபாய் ஏறும், அப்ப காமன் ரேட்டை விட வீட்டு ரேட் அதிகம்! 300 யூனிட் ஓடற வீட்டுல அதே 60 யூனிட்டுக்கு 300 ரூபாய்க்குள்ளதான் வரும். ஏசி ஓடற கோடை பில்லை எடுத்து வச்சுப் பாத்துக்கோங்க. எப்படிப் பாத்தாலும் அதே 1,500 கிலோமீட்டருக்கு பெட்ரோல் ஸ்கூட்டர்ல 3,000 ரூபாய்க்கு மேல ஊத்திட்டுத்தான் இருந்தோம், அதை மறந்துட்டு 700க்கு அழறவங்களும் எங்க பில்டிங்ல இருக்காங்க.

க்யூஆர் பாக்ஸ் கம்பெனிக்காரங்களை நாங்களும் கூப்புட்டுப் பேசினோம்ங்க. ஒண்ணு ரெண்டு விருந்தாளி வண்டிக்கு நல்லாருக்கும். ஆனா நம்ம கரெண்டு, நம்ம சுவரு, நம்ம ஒயரு, அதுக்கு மேல அவங்க ஒரு கமிஷன், ஜிஎஸ்டி 18 சதவீதம். ராத்திரி நெட் போச்சுன்னா சார்ஜ் ஸ்டார்ட் ஆகாது, பேஸ்மெண்ட்ல சிக்னல் இல்லைன்னா அதுவும் கஷ்டம். அசோசியேஷனே இப்படி காசு வாங்கி சார்ஜ் போட விடலாமாங்கற சந்தேகமும் எங்களுக்கு இருந்துச்சு, சட்டப்படி தடை இல்லைங்க, வண்டிக்கு சார்ஜ் ஏத்தறது கரெண்டை விக்கறதா ஆகாது, லைசென்ஸ் வேண்டாம்னு மத்திய மின்சார அமைச்சகம் 2018லயே சொல்லிருச்சு.

நாங்க கடைசியா பண்ணினது, விருப்பப்பட்ட வீட்டுக்காரங்க எல்லாரையும் சேத்து ஒரே காண்ட்ராக்டர், ஒரே கேபிள் ட்ரே, ஒரே மாதிரி பாக்ஸ். ஆளாளுக்கு ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டியாந்தா ஸ்டில்ட் சீலிங் அலங்கோலமாயிடும். காசு இப்ப போடாதவங்களுக்கும் ட்ரேல இடம் விட்டிருக்கோம்.

---

பழைய_நங்கநல்லூர்:

தம்பிகளா, எல்லாம் சரி, பணக் கணக்கெல்லாம் ஜோரா போடறீங்க. அந்த ரெண்டாவது மாடி அம்மா கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லலையே. 2022 மார்ச்ல வேலூர்ல புதுசா வாங்கின வண்டிய ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டுட்டுப் படுத்து, தீப்பிடிச்சு புகையில அப்பாவும் பொண்ணும் போயிட்டாங்களே, பேப்பர்ல படிச்சதை மறக்க முடியல. எங்க கட்டடத்துல மாடிப்படி இறங்கற இடமும் ஸ்கூட்டர் நிக்கற இடமும் ஒண்ணுதான், மீட்டர் போர்டும் அங்கேயேதான். அங்க ஒண்ணு பத்திக்கிட்டா மேல இருக்கற நாங்க எந்த வழியா இறங்கறது? எனக்கு முட்டி வலி, லிஃப்டையும் அப்ப தொடக்கூடாது. நான் வண்டி வேணாம்னு சொல்லல. படிக்கட்டு வாசல்ல வேணாம்னு சொல்றேன். இதைச் சொன்னா என்னை பழைய பஞ்சாங்கம்னு வாட்ஸப் குரூப்ல கிண்டல் பண்றாங்க.

---

கோவை_செகரட்டரி:

ஐயா நீங்க கேக்கறதுதான் சரியான கேள்விங்க, கிண்டல் பண்றவங்களை விடுங்க. அந்த வருசம் அடுத்தடுத்து தீ விபத்து வந்ததுக்கு அப்புறம்தான் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 விதியை இறுக்கினாங்க, 2022 டிசம்பர்ல ஒரு கட்டம், 2023 மார்ச் கடைசியில அடுத்த கட்டம். ஒரு செல் சூடாகி பத்தினாலும் வண்டியில இருக்கறவங்க தப்பிக்க எச்சரிக்கை வரணும், செல்லுக்குச் செல் பரவற வேகம் குறையணும், தண்ணி புகக்கூடாது, இந்த மாதிரியெல்லாம் டெஸ்ட் வந்துச்சு. அதனால அதுக்கு அப்புறம் வந்த வண்டியும் அதுக்கு முன்னாடி வந்த வண்டியும் ஒண்ணு இல்லைங்க. ஆனா "பத்தவே பத்தாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது பொய்.

எங்க பொதுக்குழுவுல நாங்க எழுதி வச்சது: படிக்கட்டு, லிஃப்ட் வாசல், மீட்டர் ரூம், டிரான்ஸ்பார்மர் இதுக்குப் பக்கத்துல சார்ஜிங் கிடையாது, யாரோட சொந்த பார்க்கிங் அங்க இருக்கோ அவங்களுக்கு வெளிச் சுவர் ஓரம் மாத்து இடம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே கூடாது. வெளியில கழட்டி மாத்தின பேட்டரி, ரோட்டோரக் கடையில செல் மாத்தினது, வேற வண்டி சார்ஜர், இதெல்லாம் பாத்தா எம்சிபிய எறக்கிடுவோம், சண்டைக்கு வந்தாலும் சரி. கீழ விழுந்த வண்டி, வெள்ளத்துல நின்ன வண்டியை சர்வீஸ்ல காட்டாம சார்ஜ் போடக்கூடாது. இன்னொண்ணு, வெயில்ல ஓட்டிட்டு வந்த உடனே சொருகாதீங்க, முக்கா மணி நேரம் ஆறவிட்டு சொருகுங்க, பேட்டரி ஆயுசுக்கும் அதுதான் நல்லது.

தீயணைப்பு சிலிண்டர் சும்மா பவுடர் சிலிண்டர்தான் எல்லா பில்டிங்லயும் தொங்குது, அது வெளியில எரியற நெருப்பை அமுக்கும், பேட்டரிக்குள்ள ஓடற சூட்டை நிறுத்தாதுங்க. லித்தியம் பேட்டரிக்கு தண்ணிதான், அதுவும் நிறைய, விடாம, ஆனா முதல்ல மெயினை ஆஃப் பண்ணிட்டு. அதுக்கு முன்னாடி ஆளுங்களை வெளிய அனுப்பிட்டு 101க்கு போன். புகைதான் ஆளைக் கொல்லுது, வீரம் காட்டற வேலை வேணாம்.

---

பூந்தமல்லி_ரைடர்:

அண்ணா எல்லாரும் வீடு, பார்க்கிங், சொந்த மீட்டர்னு பேசிட்டிருக்கீங்க, நம்ம கேசு வேற. நான் சாப்பாடு டெலிவரி பண்றேன், தங்கியிருக்கறது ஒரு ரூம்ல நாலு பேரு, வண்டி நிக்கறது தெருவுல. வீட்டு ஓனரு "கரெண்டு பில்லு நான் கட்றேன், வண்டிய சொருகாத"ன்னு முதல் நாளே சொல்லிட்டாரு. நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல ஓடுது, ஒரு சார்ஜ்ல முடியாது, மத்தியானம் ஒரு தடவை ஏத்தியே ஆகணும். அதனாலதான் பேட்டரி மாத்தற ஸ்டேஷன்ல வாடகை வண்டி எடுத்து ஓட்டறோம், ரெண்டு நிமிஷத்துல காலி பேட்டரிய வச்சுட்டு ஃபுல் பேட்டரிய எடுத்துக்கறது, வாரா வாரம் வாடகை. அது வசதிதான், ஆனா வாடகை கணக்கு போட்டா பெட்ரோல்ல மிச்சமாற காசு பாதி அதுக்கே போயிடுது.

பப்ளிக் பாயிண்ட்னு ஆப்ல பச்சை கலர்ல காட்டும், போனா ஒண்ணு கார் குறுக்க நிக்கும், இல்ல ஆஃப் ஆயிருக்கும், இல்ல நம்ம வண்டி பிளக்கு அதுல சேராது. இதுதான் பெரிய தலவலி. ஏத்தரும் ஹீரோ விடாவும் ஒரே பிளக்கு, அதை 2023ல பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரமா கூட அங்கீகரிச்சாங்க, ஆனா எல்லா கம்பெனியும் அதுக்கு வரல, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பிளக்கு. கார்க்காரங்களுக்கு சிசிஎஸ் 2ன்னு கிட்டத்தட்ட ஒரே பிளக்கு ஆயிடுச்சு, டூவீலருக்கு யாரும் கவலைப்படல. ஆனா பாருங்க, ரோட்டுல கார் எத்தனை, டூவீலர் எத்தனை. ஓசூர்லயும் கிருஷ்ணகிரியிலயும் வண்டி செஞ்சு நாடு பூரா அனுப்பற மாநிலம்ணா இது, சும்மா ஒரு 15 ஆம்ப்ஸ் பிளக்கு டீக்கடை பக்கத்துல கெடச்சா போதும், ஃபாஸ்ட் சார்ஜர்லாம் வேணாம்.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல, நலவாரியத்துல பதிஞ்ச எங்கள மாதிரி டெலிவரி ஆளுங்க 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபா மானியம்னு அறிவிச்சாங்க, நல்ல விஷயம், ஆனா வாங்கி எங்க சொருகறதுன்னு அடுத்த கேள்வி நிக்குதே. உங்க அபார்ட்மெண்ட்ல அந்த க்யூஆர் பாக்ஸை உள்ள வைக்காம காம்பவுண்டு சுவத்துல வெளிப்பக்கமா ஒண்ணு வைங்களேன். செக்யூரிட்டி உள்ள விடமாட்டாரு, சரி, வெளியவே காசு குடுத்து போட்டுக்கறோம். உங்களுக்கும் நாலு காசு வரும்.

---

பாளையங்கோட்டை_அக்கா:

அந்த அப்பாவோட எலக்ட்ரிக் சைக்கிளை எல்லாரும் விட்டுட்டீங்களே. நான் ஸ்கூலுக்கு அதுலதான் போறேன், அதனால சொல்லுதேன். சைக்கிளுக்கு ஸ்டில்ட்ல பிளக்கே வேண்டாம். பேட்டரி கழட்டற மாதிரி இருந்தா கழட்டி மேல கொண்டுபோயி வீட்டுல போடுங்க, பொதுவா 36 வோல்ட், 7.8 ஆம்ப் அவர்னா மொத்தமே 0.28 யூனிட், சார்ஜர் இழுக்கறது நூறு வாட்ஸ் கூட இருக்காது, பழைய குண்டு பல்பு மாதிரிதான். இதுக்குப் போயி காமன் மீட்டர்ல கை வச்சு பேச்சு வாங்கணுமா. ஆனா வீட்டுக்குள்ள போடறதுன்னா கட்டில் பக்கத்துலயோ வாசக்கதவு பக்கத்துலயோ வேண்டாம், பால்கனி இல்ல ஹால்ல தரையில, முழிச்சிருக்கும்போதே போட்டு எடுத்துருங்க, நாலு மணி நேரத்துல ஏறிரும். ஊருக்குப் போனா காலியா போட்டுட்டுப் போகக்கூடாது, பாதிக்கு ஏத்தி வச்சுட்டுப் போகணும், இல்லேன்னா திரும்பி வரும்போது செல்லு செத்துக் கெடக்கும்.

சட்டம் என்னன்னு கேட்டீங்கன்னா, மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள இருந்தா லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் ஒண்ணும் தேவையில்ல. இதை வச்சு ஒரு கூட்டம் ஏமாத்துது, ஸ்டிக்கர்ல 250ன்னு ஒட்டிட்டு உள்ள அதை விடப் பெரிய மோட்டார், "ஒயரை கட் பண்ணினா 45ல போகும்க்கா"ன்னு கடைக்காரனே சொல்லுதான். அப்படி மாத்தின வண்டி சட்டப்படி பதிவில்லாத மோட்டார் வண்டி, யார் மேலயாவது இடிச்சா இன்சூரன்ஸும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அப்பாவுக்கு வாங்கியிருக்கீங்க, பிரேக்கைப் பாருங்க முதல்ல, இந்த சைக்கிள் இருபது கிலோவுக்கு மேல வெயிட்டு, சாதா பிரேக்கு பிடிக்காது, டிஸ்க்கு இருக்கணும். மிதிக்காம த்ராட்டில்லயே போனா கம்பெனி சொன்ன தூரம் வராது, கூட மிதிச்சா வரும். முட்டி வலி இருக்கவங்களுக்கு இதுதான் மருந்துன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டுத் திரியுதாரு, நங்கநல்லூர் ஐயாவும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாம்.

ஆரோவில் பக்கம் போயிருந்தோம், அங்க இந்த சைக்கிளை வாடகைக்கே விடுதாவ, செம்மண் ரோட்டுல வயசானவங்க, பொம்பளைங்க எல்லாம் பையை மாட்டிட்டு சர்ருன்னு போறாவ. ஒரு வேகத்துக்கு மேல போக வேண்டிய அவசியமே இல்லாத இடம் அது. நம்ம ஊர் ஹைகிரவுண்ட் ரோட்டுல பஸ்காரன் ஹாரனுக்கு நடுவுல ஓட்டறதுக்குத்தான் தைரியம் வேணும்.

---

மடிப்பாக்கம்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நங்கநல்லூர் சார், நீங்க சொன்ன படிக்கட்டு விஷயம் எங்களுக்கும் பொருந்தும், ரெண்டு வண்டி அங்கதான் நிக்குது, அதை மாத்தணும்னு நாளைக்கே எழுதித் தர்றேன். அக்கா, அப்பா சைக்கிள் பேட்டரி கழட்டறதுதான், இன்னியிலேர்ந்து மேலயே போட்டுக்கறோம். எங்க வீட்டு பில் 420 யூனிட் பக்கம் ஓடுது, கோடையில தாண்டும் போலருக்கு, பரவால்ல.

ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு. செகரட்டரி ஒத்துக்கலைன்னா நான் சட்டமா ஏதாவது காட்ட முடியுமா? அப்புறம் எனக்கு இபில லோடு ஏத்தணுமா? பக்கத்து வீட்டு வாடகைக்காரருக்கும் சேத்துக் கேக்கறேன்.

---

கோவை_செகரட்டரி:

காட்டலாங்க. 2022 ஜனவரில மத்திய மின்சார அமைச்சகம் போட்ட சார்ஜிங் வழிகாட்டுதல்ல, வீட்டுலயோ ஆபீஸ்லயோ இருக்கற கனெக்‌ஷன்லயே வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கலாம், வீட்டுல போடறதை வீட்டு உபயோகமாத்தான் பாக்கணும்னு தெளிவா சொல்லியிருந்தாங்க; 2024ல அதுக்குப் பதிலா புது வழிகாட்டுதல் வந்துச்சு, அதையும் எடுத்துப் பாத்துக்கோங்க. அதனால "வீட்டு மீட்டர்ல வண்டி சார்ஜ் பண்ணா கமர்ஷியல் ஆக்கிடுவாங்க"ன்னு பயமுறுத்தினா நம்பாதீங்க. ஆனா ஒயர் போற சுவரும் சீலிங்கும் பொதுச் சொத்து, தமிழ்நாடு அடுக்குமாடி சட்டம் 2022 இப்ப நடைமுறைக்கு வந்திருச்சு, பொது இடத்துல தனியா கை வைக்க அசோசியேஷன் சம்மதம் வேணும்ங்க. அதனால பேப்பரை முகத்துல ஆட்டாம, படம் வரைஞ்சு, ஒயர் எந்த வழியா போகுது, எம்சிபி எங்க, செலவு என்னோடது, சேதம் ஆனா நான் பொறுப்புன்னு ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க, அஞ்சு வண்டிக்காரங்களும் சேந்து கையெழுத்து போட்டு. ஒத்த ஆளா போனா "உங்களுக்கு மட்டும் எப்படி"ன்னு வரும். வாடகைக்காரர் அவரு ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கட்டும், செலவு யாரோடது, காலி பண்ணும்போது ஒயரை விட்டுட்டுப் போறதா கழட்டறதான்னு இப்பவே எழுதி வச்சுக்கட்டும்.

---

வயர்மேன்_தாம்பரம்:

லோடு விஷயம் நான் சொல்றேன் சார். பில்லுல சேங்ஷன் லோடுன்னு (உங்க வீட்டுக்கு இபி அனுமதிச்ச அளவு) ஒரு வரி இருக்கும், பாருங்க. பழைய வீடுங்கள்ல 2, 3 கிலோவாட்னுதான் எழுதியிருக்கும், அதுலயே நீங்க ரெண்டு ஏசி, ஒரு கீசர் ஓட்டிட்டிருப்பீங்க, ஏற்கனவே தாண்டிதான் இருக்கும். கீசர் ஒண்ணே 2 கிலோவாட், உங்க ஸ்கூட்டர் அதுல பாதி கூட இல்ல, அதனால ஸ்கூட்டருக்காக மட்டும் பெருசா ஒண்ணும் பண்ண வேணாம், ஆனா கார் யோசனை இருந்தா இப்பவே ஏத்திடுங்க. ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், டெபாசிட், டெவலப்மெண்ட் சார்ஜ்னு ஒரு தடவை கட்டறதுதான், வீட்டு கனெக்‌ஷனுக்கு இப்ப ஃபிக்ஸட் சார்ஜ் இல்லாததால ரெண்டு மாச பில்லுல அதுக்குன்னு எதுவும் ஏறாது. த்ரீ ஃபேஸ் வீடா இருந்தா ஏசி எந்த ஃபேஸ்ல இருக்கோ அதுல சார்ஜரைப் போடாம காலியா இருக்கற ஃபேஸ்ல போடச் சொல்லுங்க.

வேலை முடிஞ்ச உடனே ஆர்சிசிபில "டி"ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்திப் பாருங்க, டப்புன்னு விழணும். விழலேன்னா காசு குடுக்காதீங்க.